5,800-ஐத் தாண்டாத எஸ்டீம்

ரேஸ் காரின் இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் மேப், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல், எங்கே பொறி என்ற அட்டவணை, எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. கார் 5,800 ஆர்.பி.எம்.மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) தாண்ட ஆறு வாரம் ஆனது. நான் எழுத வந்தது அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான். விஷயம் தெரிந்தவர்கள் பாதியிலேயே காரணத்தைப் பிடித்துவிடுவார்கள். நாங்கள் பிடிக்கவில்லை; அத்தனைக்கும் முதல் வாரமே அது எங்கள் கண்முன் வந்து நின்றது.

கார் என் நண்பனுடையது. பழைய மாருதி எஸ்டீம், 16 வால்வு, 1,298 சிசி. 2007-இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. ஆனால் அதன் ஜி13 இன்ஜின் எடை குறைந்த அலுமினிய பிளாக். முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோலிலும் அதே குடும்ப இன்ஜின்தான். அதனால் இன்றைக்கும் சென்னையில் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் ஒரு காலைப்பொழுது அலைந்தால் பிஸ்டன் முதல் பிராக்கெட் வரை கிடைக்கும். ரேஸ் ஓட்ட ஆசையும் மாதச் சம்பளமும் மட்டும் உள்ளவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முந்தைய வருடம் அவன் கேம்ஷாஃப்டை மாற்றினான், ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றினான், பெரிய த்ராட்டில் பாடி போட்டான். எல்லாம் சரி. ஆனால் கம்பெனி கம்ப்யூட்டருக்கு இது எதுவும் தெரியாது. அது தன்னிடம் உள்ள பழைய அட்டவணையைப் பார்த்துத்தான் பெட்ரோல் ஊற்றும். நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். முழு த்ராட்டிலில் சென்சாரை ஓரம்கட்டிவிட்டு அட்டவணையை மட்டும் நம்பும். காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் ஒரு வைட்பேண்ட் சென்சாரை எக்ஸாஸ்டில் சொருகிப் பார்த்தோம். அது சொல்லும் எண் லாம்டா: 1 என்றால் சரிவிகிதம், எண் ஏறினால் பெட்ரோல் குறைவு, இறங்கினால் அதிகம். 5,000-க்கு மேல் முழு த்ராட்டிலில் லாம்டா 0.98. இருக்க வேண்டியது 0.87 பக்கம். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. இப்படியே இரண்டு ரேஸ் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

கம்பெனி கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டே நடுவில் ஒரு பெட்டி மாட்டுவது ஒரு வழி. பிக்கிபேக் என்பார்கள். சென்சார் சொல்வதை மாற்றிச் சொல்லி, அதாவது பொய் சொல்லியே, பழைய கம்ப்யூட்டரிடம் வேலை வாங்கும். தெருவில் ஓடும் காருக்கு அது போதும். எங்களுக்கு இக்னிஷன் டைமிங் (பொறி விழும் கணம்), ரெவ் லிமிட் (சுற்றின் உச்சவரம்பு), லாகிங் (ஓட்டத்தின் பதிவு) எல்லாம் கையில் வேண்டும். மோடெக், ஹால்டெக், லிங்க் என்று நல்ல பெட்டிகள் உண்டு. விலையும் நன்றாகவே உண்டு. கடைசியில் மெகாஸ்க்வர்ட் இரண்டாம் தலைமுறை போர்டு. அமெரிக்காவில் பௌலிங், கிரிப்போ என்ற இரண்டு பேர் 2001 வாக்கில் தாங்களே செய்துகொள்ளும் கம்ப்யூட்டராக ஆரம்பித்தது அது. சர்க்யூட் படம் வெளிப்படையாகக் கிடைக்கும். ஒரு ட்ரான்சிஸ்டர் போனால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி நாமே மாற்றலாம். அந்த நம்பிக்கைக்காகவே வாங்கினோம்.

வாங்கும் முன் ரேஸ் விதிப்புத்தகத்தைப் படித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரிவில் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது, இன்னொரு பிரிவில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருக்கும். நம் நாட்டு மோட்டார் ரேஸ் சம்மேளனத்தின் ஆபீஸே சென்னையில் இருக்கும்போது, படிக்காமல் வாங்கிவிட்டு ஸ்க்ரூட்டினியில், அதாவது ரேஸுக்கு முந்தைய வண்டிச் சோதனையில், போய் நிற்பது வெட்கக்கேடு.

பல் விழுந்த சக்கரம்

புதுக் கம்ப்யூட்டருக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இந்த நொடி எங்கே நிற்கிறது. அதற்காக கிராங்க் புல்லியில் ஒரு பல்சக்கரம் மாட்டுவார்கள். 36 பல்லுக்கு இடம், அதில் ஒரு பல் இருக்காது. பல்லுக்குப் பல் 10 டிகிரி. பல் இல்லாத பள்ளம் வரும்போது "ஒரு சுற்று முடிந்தது, இங்கிருந்து எண்ணு" என்று கம்ப்யூட்டருக்குப் புரியும். 7,000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 4,083 பல் சென்சாரைத் தாண்டிப் போகும். ஒரு டிகிரி என்பது வெறும் 24 மைக்ரோ விநாடி.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில் 5 மி.மீ. தகட்டில் லேசரில் வெட்டக் கொடுத்தோம். மறுநாள் போனால் சக்கரம் பளபளவென்று தயாராக இருந்தது. 36 பல்லும் முழுசாக.

"டிராயிங்ல ஒரு பல்லு விட்டுப்போயிருந்தது தம்பி. நானே சரி பண்ணிட்டேன்" என்றார் பட்டறைக்காரர். நல்ல மனிதர். அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை. அங்கேயே வைஸில் மாட்டி ஒரு பல்லை அரைத்து எடுத்தோம். அவர் கடைசிவரை எங்களைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் புல்லியோடு சேர்ந்து ஆடாமல் சுற்ற வேண்டும். டயல் கேஜ் வைத்தபோது முதலில் 0.6 மி.மீ. ஆட்டம். லேத்தில் திரும்பப் பிடித்து 0.1-க்குக் கொண்டுவந்தோம். சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி 0.9 மி.மீ.

சென்சார் புதுப்பேட்டையில் வாங்கியது. உடைப்புக்கு வந்த ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய வி.ஆர். சென்சார். உள்ளே ஒரு காந்தமும் சுருளும், அவ்வளவுதான். பல் கிட்டே வந்து போகும்போது தானே மின்னழுத்தம் எழுப்பும். பேட்டரி சப்ளை தேவையில்லை. மெதுவாகச் சுற்றும்போது ஒரு வோல்ட்டுக்கும் கீழே, வேகம் ஏறினால் பத்து இருபது வோல்ட்டையும் தாண்டும். கனெக்டரை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். இரண்டு கறுப்பு ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. எது எது என்று அடையாளம் இல்லை. ஏதோ ஒன்றை ஒன்றோடு சேர்த்தோம்.

ஒயரும் கணக்கும்

ஒயரிங் செய்து கொடுத்தது எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன். சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் பையனாகப் போய் கார்புரேட்டர் ஜெட் எடுத்துக் கொடுத்தவர். இணைப்பு எதையும் ஈயம் வைத்து ஒட்ட விடமாட்டார். "ஈயம் ஒயருக்குள்ள ஊறும். ஊறின இடத்துக்குப் பக்கத்துல அதிர்வுல ஒடியும்" என்பார். எல்லாம் கிரிம்ப்தான், அதாவது முனையை நசுக்கி இறுக்குவது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஷீல்டு கேபிள், ஹீட் ஷ்ரிங்க், ரிலே, ஃப்யூஸ் எல்லாம் ஒரே நடையில் வாங்கி வந்தோம். சென்சார் ஒயரை மட்டும் ஒரு வேலைப்பளு நாளில், அண்ணன் இல்லாதபோது, நாங்களே இழுத்தோம். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இக்னிஷனுக்கு வேஸ்டட் ஸ்பார்க்: 1, 4 சிலிண்டருக்கு ஒரு காயில், 2, 3-க்கு ஒரு காயில். கம்ப்ரஷனில் இருக்கும் சிலிண்டரிலும் எக்ஸாஸ்டில் இருக்கும் சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் பொறி விழும். எக்ஸாஸ்டில் விழுவது வீண், ஆனால் தீங்கில்லை. இதனால் கேம் சென்சாரே தேவைப்படவில்லை. சாஃப்ட்வேரில் ஸ்பார்க் அவுட்புட்டை நேர், தலைகீழ் என்று தேர்ந்தெடுக்கும் ஓர் இடம் உண்டு. அதைத் தப்பாக வைத்ததில் காயிலுக்குள் மின்சாரம் ஓட வேண்டிய 3 மில்லி விநாடி போக மீதி நேரமெல்லாம் ஓடியது. கையை வைத்துப் பார்ப்பதற்குள் ஒரு காயில் எரிந்துபோனது. வாசனை ஷெட்டில் இரண்டு நாள் இருந்தது.

பெட்ரோல் கணக்குதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு சிலிண்டர் 324.5 சிசி. 25 டிகிரியில் அதில் நிறையும் காற்று சுமார் 0.384 கிராம். சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.7 என்றால் 26 மில்லிகிராம் பெட்ரோல் வேண்டும், அதாவது 0.035 சிசி. எங்கள் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 240 சிசி. ஆக, ஒரு தடவைக்கு 8.8 மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மேப்புகளெல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கும்.

ஆனால் நம் பங்கில் இப்போது வருவது ஈ-20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் கேட்கும். விகிதம் சுமார் 13.5-க்கு இறங்கிவிடும். கணக்கைத் திரும்பப் போட்டால் 9.5 மில்லி விநாடி. ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடுதல். வெளிநாட்டு மேப்பை அப்படியே இறக்கிவிட்டு "கார் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடுகிறது" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இன்னொன்று: மீட்டரில் 14.7, 12.8 என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு லாம்டாவில் பாருங்கள். எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் லாம்டா 1 என்றால் சரிவிகிதம்தான். வைட்பேண்ட் சென்சார் உண்மையில் அளப்பதும் லாம்டாவைத்தான், 14.7-ஆல் பெருக்கி நமக்குக் காட்டுகிறது, அவ்வளவே.

இன்ஜெக்டர் போதுமா என்ற பயம் வந்தது. 7,000-இல் ஒரு முழுச் சுழற்சிக்கு 17.1 மில்லி விநாடி. முழு லோடில் எங்கள் இன்ஜெக்டர் 11 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகத் திறந்திருக்கும். 64 சதவீதம். 80-85 வரை போகலாம் என்பதால் நிம்மதி.

சரி, ஸ்டார்ட் செய்தோம். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவைத்து, பொறி விழும் கணத்தில் மினுங்கும் டைமிங் லைட்டைப் புல்லியின் குறிமேல் அடித்துப் பார்த்தோம். குறி 10-இல் நின்றது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தபோது குறி மெல்ல நகர்ந்தது போல இருந்தது. பூட்டிவைத்த டைமிங் நகரக் கூடாது. நண்பன் கேட்டான். "லைட் பழசுடா" என்றேன் நான்.

ஆறு வாரம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டை. 3.7 கிலோமீட்டர் ட்ராக். முதல் இரண்டு லேப் பதமாக ஓட்டினான். மூன்றாவதில் நீண்ட நேர்ப்பாதையில் முழுசாக மிதித்தபோது, பிட் சுவரிலிருந்து எங்கள் காதுக்கே கேட்டது. சாவியைத் திருகி அணைத்தது போல இன்ஜின் செத்தது. அரை நொடியில் உயிர் வந்தது. மறுபடி செத்தது. அடுத்த லேப்பிலும் அதே கதை. மூன்றாவது கியரானாலும் நாலாவதானாலும் சரியாக 5,800 பக்கத்தில்.

லாகைத் திறந்தால் கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்டிருந்தது: சிங்க் லாஸ். பல்லை எண்ணிக்கொண்டே வந்தவன் எண்ணிக்கை தப்பிவிட்டான் என்று அர்த்தம். எண்ணிக்கை தப்பினால் பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. தப்பான இடத்தில் பொறி அடிப்பதைவிட அதுவே மேல்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சிங்க் லாஸ் என்றதும் எல்லோரும் சொல்வது நாய்ஸ், அதாவது சிக்னலில் கலக்கும் மின் இரைச்சல். நாங்களும் நாய்ஸைத் துரத்தினோம். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கோ என்று ரெசிஸ்டர் பிளக் போட்டோம். பிறகு நம்பிக்கை இல்லாமல் வேறொரு செட். பிளக் ஒயரை மாற்றினோம். காயிலிலிருந்து சென்சார் கேபிளை விலக்கி, வண்டியின் மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தோம். ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். இடைவெளியை 0.9-இலிருந்து 0.6 ஆக்கினோம், 1.2 ஆக்கினோம். இன்னொரு சென்சார் வாங்கினோம், அதே கடையில், அதே இரண்டு கறுப்பு ஒயரோடு. போர்டில் ஆர்-52, ஆர்-56 என்று இரண்டு திருகு ரெசிஸ்டர் உண்டு. சென்சார் சிக்னலை எந்த மட்டத்தில் ஏற்பது, எவ்வளவு சலசலப்பைப் பொறுப்பது என்பதை அவைதான் முடிவு செய்யும். நள்ளிரவு ஷெட்டில் உட்கார்ந்து ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல அவற்றைத் திருகிக்கொண்டிருந்தோம். 5,800 ஒரு நாள் 5,950 ஆனது. பார்ட்டியே வைத்தோம். மறுநாள் 5,700.

ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகம்தான். தப்பு எங்கே என்றால், கம்ப்யூட்டர் என்ன பார்க்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல், அது ஏன் தப்பாகப் பார்க்கிறது என்று ஐந்து வாரம் விவாதித்ததுதான். அந்த வசதி சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது. டூத் லாகர் என்று பெயர். ஒவ்வொரு பல்லுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கம்பி கம்பியாக வரைந்து காட்டும். 36-இல் ஒன்று குறைந்த சக்கரம் என்றால் 34 குட்டைக் கம்பி, பிறகு இரண்டு மடங்கு உயரத்தில் ஒரே ஒரு நெட்டைக் கம்பி. அப்படித்தான் வர வேண்டும்.

ஐந்தாவது வாரக் கடைசியில் அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். நாங்கள் சொன்ன கதையெல்லாம் கேட்டுவிட்டு, டீயைக் குடித்து முடித்துவிட்டு, கேட்டார்:

"அந்த சென்சாருக்கு எது பிளஸ்னு பார்த்தியா தம்பி?"

"அது ஏ.சி. சிக்னல்தானே அண்ணே. பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் மாறி மாறித்தானே போகும்? எப்படிப் போட்டா என்ன?"

"அப்புறம் எதுக்குக் கம்பெனிக்காரன் கனெக்டர்ல ஒரு பக்கம் மட்டும் காது வெச்சிருக்கான்? திருப்பிச் சொருகக் கூடாதுன்னுதானே?"

எனக்குப் பதில் இல்லை. நான் இன்ஜினீயரிங் படித்தவன்.

லேப்டாப்பைத் திறந்து டூத் லாகரைப் பார்த்தேன். நெட்டைக் கம்பி இல்லவே இல்லை. அதற்குப் பதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நடுத்தரக் கம்பி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரம்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பல் சென்சாரை நெருங்கும்போது மின்னழுத்தம் மெல்ல ஏறும். பல்லின் நடு, சென்சாரின் நேர் எதிரே வரும் கணத்தில் சடாரென்று சுழியத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் இறங்கும். பிறகு பல் விலக விலக மெல்லத் திரும்பும். அந்தச் செங்குத்தான இறக்கம்தான் நம்பத் தகுந்த இடம். வேகம் எதுவானாலும் அது பல்லின் நடுவில்தான் விழும். ஒயரைத் திருப்பிப் போட்டால் சிக்னல் தலைகீழாகிறது. இறக்கத்தையே எதிர்பார்க்கும்படி அமைக்கப்பட்ட கம்ப்யூட்டர், செங்குத்தான இடத்தை விட்டுவிட்டு, இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள சோம்பேறிச் சரிவைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரணப் பற்களில் அதுவும் ஒழுங்காகவே வரும். பல் இல்லாத பள்ளத்தில்தான் விவகாரம். அங்கே சரிவு நீண்டு தட்டையாகி, பள்ளத்தின் நடுவில் எங்கோ சுழியத்தைக் கடக்கும். ஒரு பெரிய இடைவெளி இரண்டு நடுத்தர இடைவெளியாகப் பிளந்துவிடும்.

இடைவெளி முந்தையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் "இதுதான் பள்ளம்" என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. எங்களுடையது ஒன்றரையின் ஓரத்திலேயே தொற்றிக்கொண்டிருந்தது. ஐடிலில் தப்பித்தவறிப் பாஸ் ஆகிவிடும். வேகம் ஏற ஏறச் சரிவின் வடிவம் மாறி, 5,800 பக்கத்தில் ஃபெயில். தட்டைச் சரிவு வேகத்துக்கு ஏற்ப நகரும் என்பதால் பூட்டிவைத்த டைமிங்கும் நகர்ந்தது. முதல் நாள் டைமிங் லைட் காட்டியது அதைத்தான். லைட் பழசுதான். பொய் சொல்லவில்லை.

அண்ணன் அதற்குள் தன் பையிலிருந்து பழைய முள் மீட்டரை எடுத்திருந்தார். குறைந்த ரேஞ்சில் வைத்து, சென்சார் முனைக்கு ஒரு ஸ்க்ரூ ட்ரைவரைச் சடக்கென்று கொண்டுபோனார். முள் வலப்பக்கம் எகிறினால் சிவப்புக் கம்பி பிடித்திருக்கும் ஒயர் பிளஸ். இடப்பக்கம் எகிறினால் மற்றது. ஐந்து விநாடி வேலை. டிஜிட்டல் மீட்டரில் எண் மாறுவதற்குள் அந்த எகிறல் முடிந்துபோகும், தெரியாது.

இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டோம். லாகரில் நெட்டைக் கம்பி ஒற்றையாக எழுந்து நின்றது. இன்ஜின் உடனே கொஞ்சம் முரண்டு பிடித்தது. காரணம், இப்போது கம்ப்யூட்டர் பல்லின் நடுவைப் பார்க்கிறது, முன்பு பல்லுக்கும் பல்லுக்கும் நடுவைப் பார்த்தது. கிட்டத்தட்ட அரைப் பல், அதாவது சுமார் 5 டிகிரி வித்தியாசம். ட்ரிகர் கோணத்தைத் திருத்தி லைட் அடித்தோம். 10-இல் பூட்டினால் 1,000-இலும் 10, 5,000-இலும் 10. ஒயரை மாற்றிவிட்டு இந்தத் திருத்தத்தை மறந்தவர்கள் நாக்கிங்கில், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதில், இன்ஜினை இழக்க வாய்ப்பு உண்டு.

அடுத்த ஞாயிறு 6,600 வரை சுத்தமாகப் போனது. அங்கே லேப்புக்கு ஒரு தடவை சின்னதாக ஒரு வெட்டு. இது மட்டும் உண்மையிலேயே நாய்ஸ். ஷீல்டை நாங்கள் இரண்டு முனையிலும் பாடியில் இணைத்திருந்தோம். இன்ஜின் பக்க எர்த்துக்கும் கம்ப்யூட்டர் பக்க எர்த்துக்கும் உள்ள வித்தியாசத்தால் ஷீல்டிலேயே மின்சாரம் ஓடியது. இன்ஜின் பக்கம் வெட்டிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் விட்டோம். முடிந்தது. 7,000 ரெவ் லிமிட் வரை இன்றுவரை ஒரு சிங்க் லாஸ்கூட இல்லை.

கத்திரி

பிறகு மே மாதம் வந்தது.

காலை முதல் செஷனில் லாம்டா அழகாக 0.87. பத்து மணிக்கு மேல், பிட் லேனில் இருபது நிமிடம் நின்றுவிட்டு வெளியே போனால் முதல் லேப் முழுக்க 0.95. இரண்டாவது லேப்பில் தானே சரியாகிவிடும். மேப்பைத் தொட்டால் காலை செஷன் கெட்டுவிடும்.

கம்ப்யூட்டர் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், பெட்ரோலையும் குறைக்கும். எங்கள் வெப்ப சென்சார் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டில் திருகியிருந்தது. கார் நிற்கும்போது இன்ஜின் சூடு மேனிஃபோல்டில் ஏறி, சென்சார் 75 டிகிரி என்று காட்டியது. உள்ளே வரும் காற்று உண்மையில் 45 தான். கெல்வினில் போட்டுப் பாருங்கள்: 318-ஐ 348-ஆல் வகுத்தால் 0.914. தேவையானதைவிட ஒன்பது சதவீதம் குறைவாகப் பெட்ரோல் போகிறது. 0.87-ஐ 0.914-ஆல் வகுத்தால் 0.95. லாகில் இருந்த அதே எண். ஆறு வாரம் அலைந்த பிறகு, ஒரு கணக்கு இப்படிப் பேப்பரிலேயே வந்து உட்காருவது தனி சுகம்.

சென்சாரைக் கழற்றி, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் குழாயில் வைத்தோம். பிட்டிலிருந்து வெளியே வரும்போது வித்தியாசம் இப்போது பத்து டிகிரிக்குள். ஆனால் பழைய மேப் பழைய சென்சார் இடத்தை வைத்து எழுதியது. அதனால் 256 கட்டங்களில் பாதியையாவது மறுபடி ஓட்டித் திருத்த வேண்டி வந்தது. அரை நாள் போனது.

இக்னிஷனில் பேராசைப்படவில்லை. 6,000-இல் முழு த்ராட்டிலுக்கு 28 டிகிரி. செம்புக் குழாய் ஒன்றை பிளாக்கில் திருகி, ரப்பர் ட்யூப் வழியாகக் காதில் வைத்துக் கேட்டோம், நாக்கிங் இல்லை. இன்னும் இரண்டு டிகிரி ஏற்றலாம் என்று நண்பன் நச்சரிக்கிறான். வெயில் தணியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். லேப் நேரம் ஒன்றரை விநாடி குறைந்தது. நடுவில் டயரும் மாற்றினோம், ஆகவே மொத்தத்தையும் கம்ப்யூட்டர் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பிளக் இப்போது வெளிர் பழுப்பு. வீணாக வாங்கியது: பிளக் எட்டு, பிளக் ஒயர் ஒரு செட், சென்சார் ஒன்று, எரிந்த காயில் ஒன்று. சூடான இன்ஜினை அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் ஐடில் இன்னும் ஊஞ்சலாடுகிறது. பெரிய கேம்ஷாஃப்டில் மேனிஃபோல்டின் வேக்குவம் நிலையாக இருப்பதில்லை. அதை அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்த அன்று அண்ணன் சென்சார் ஒயர் ஒன்றின் மேல் சிவப்பு ஹீட் ஷ்ரிங்க் ஏற்றினார். பிறகு ஷெட்டில் கிடந்த உதிரி சென்சாரையும் எடுத்து, முள் மீட்டரில் பார்த்து, அதற்கும் ஒரு சிவப்பு ஏற்றி வைத்துவிட்டுப் போனார்.